பீட்டில்ஸை மறித்த மதராஸ் பிள்ளை

2 ஜூன் 2022, வாசகர் கேள்வி

1960-களின் கடைசி ஆண்டுகளைப் பற்றி எதைப் படித்தாலும் பீட்டில்ஸ், ஜிமி ஹென்ட்ரிக்ஸ், வுட்ஸ்டாக் என்றே இருக்கிறது. அந்த ஆண்டுகளின் பிரிட்டிஷ் முதலிடப் பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் நான் கேள்வியே படாத பாடல்கள் நிறைய இருக்கின்றன. அந்தக் காலத்து மக்கள் காசு கொடுத்து வாங்கியவை எவை? அவை கேட்கத்தக்க பாடல்கள்தாமா, அல்லது உலகம் அவற்றை மறந்ததுதான் சரியா?

3 ஜூன் 2022, காலை

மறந்தது சரியில்லை என்பதே என் கட்சி. அதை நிறுவ 1967-இன் முதல் நான்கு மாதங்களே போதும்.

ஜனவரியில் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது மங்கீஸ் குழுவின் 'ஐ'ம் எ பிலீவர்'. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக விளம்பரம் கொடுத்து ஆள் தேர்ந்து சேர்த்த நால்வர் குழு அது. பாட்டை எழுதியவர் நீல் டயமண்ட். பிப்ரவரியில் அந்த இடத்துக்குப் பெட்டுலா கிளார்க்கின் 'திஸ் இஸ் மை சாங்' வந்தது. அதை எழுதி மெட்டமைத்தவர் சார்லி சாப்ளின். தடியும் தொப்பியுமாக நாம் அறிந்த அதே சாப்ளின்தான். அப்போது அவருக்கு வயது 77. தாம் இயக்கிய கடைசிப் படத்துக்காக அந்தப் பாட்டை எழுதியிருந்தார்.

அதே பிப்ரவரி 17-ஆம் தேதி பீட்டில்ஸின் புதிய இசைத்தட்டு வெளியானது. ஒரு பக்கம் 'பென்னி லேன்', மறுபக்கம் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. பாப் வரலாற்றிலேயே இதைவிடச் சிறந்த ஒற்றைத் தட்டு இல்லை என்று சொல்பவர்கள் பலர் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். 1963 முதல் பீட்டில்ஸின் தட்டுகள் தொடர்ந்து பதினொரு முறை முதலிடம் பிடித்திருந்தன. பன்னிரண்டாவதாக வந்த இந்தத் தட்டு இரண்டாம் இடத்தோடு நின்றது. மார்ச் தொடக்கம் முதல் ஆறு வாரங்கள் முதலிடத்தை விட்டு அசையாத பாட்டு, எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் பாடிய 'ரிலீஸ் மீ'. விலகிப் போக விடு என்று மன்றாடும் அந்தப் பாட்டு 1949-இல் எழுதப்பட்ட, 'கன்ட்ரி' என்னும் அமெரிக்கக் கிராமிய வகைப் பாட்டு. அந்த ஒரே தட்டு பிரிட்டிஷ் பட்டியலில் 56 வாரங்கள் இடைவிடாமல் இருந்தது.

அந்த எங்கெல்பர்ட் பிறந்த ஊர் மதராஸ். இயற்பெயர் ஆர்னால்டு ஜார்ஜ் டார்சி. 1936 மே 2-ஆம் தேதி, பிரிட்டிஷ் ராணுவத்தில் வேலை பார்த்தவரின் பத்துப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்து, பத்து வயதளவில் குடும்பத்தோடு இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குப் போனார். எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் என்பது 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் ஒருவரின் பெயர். டார்சி என்ற பெயரில் பல ஆண்டுகள் பாடியும் யாரும் திரும்பிப் பார்க்காததால், மேலாளரின் யோசனைப்படி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்.

பீட்டில்ஸ் பக்கமும் ஒரு மதராஸ்காரர் உண்டு. ரிங்கோ ஸ்டாருக்கு முன்பு அந்தக் குழுவில் டிரம் வாசித்த பீட் பெஸ்ட் 1941 நவம்பரில் மதராஸில் பிறந்தவர். 1962 ஆகஸ்டில், முதல் இசைத்தட்டு வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு, அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். பிற்பாடு அவர் இசையை விட்டு அரசு வேலையில் சேர்ந்து இருபது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். ஒரு மதராஸ் பிள்ளையை வெளியே அனுப்பிய குழுவை, ஐந்தாவது ஆண்டில் இன்னொரு மதராஸ் பிள்ளை முதலிடத்துக்கு வரவிடாமல் நிறுத்தினார். இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

3 ஜூன் 2022, இரவு

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம் உண்டு. முதலிடம் என்று ஒற்றைச் சொல்லில் சொன்னேன். எந்தப் பட்டியலில் முதலிடம் என்று சொல்லவில்லை. அந்த நாளில் பிரிட்டனில் ஒரே அதிகாரபூர்வப் பட்டியல் என்று எதுவும் கிடையாது. இசை வார இதழ்கள் தத்தமக்குத் தெரிந்த கடைகளை விசாரித்துத் தனித்தனியே பட்டியல் போட்டன, பி.பி.சி. அவற்றைக் கூட்டிச் சராசரி எடுத்து வாசித்தது. வணிகர்களின் இதழான 'ரெக்கார்டு ரீடெய்லர்' பட்டியலைத்தான் பிற்காலத்தவர்கள் வரலாற்றுக் கணக்காக ஏற்றுக்கொண்டார்கள். அதில்தான் பீட்டில்ஸ் இரண்டாம் இடம். 'மெலடி மேக்கர்' பட்டியலில் அதே தட்டு முதலிடத்தைத் தொட்டது. எல்லாருக்கும் பொதுவான ஒரே பட்டியல் 1969 பிப்ரவரியில்தான் வந்தது. ஆகவே மறித்தவர் மதராஸ்காரர் என்பது நிற்கிறது, ஆனால் மறிப்பு எல்லா வாசலிலும் நடக்கவில்லை.

5 ஜூன் 2022

எங்கெல்பர்ட்டின் பாட்டெல்லாம் பெரியவர்களுக்கு, இளைஞர்கள் அதை வாங்கவில்லை, அது கணக்கில் சேராது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவருக்கு என் ஊரைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் வளர்ந்தது திருச்சி பொன்மலை ரயில்வே குடியிருப்பில். அப்பா பணிமனை அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் இருந்தது. அங்கிள் எஞ்சின் டிரைவர். ஆன்ட்டி மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பார். அவர்கள் வீட்டில் ஒரு ரெக்கார்டு பிளேயர் இருந்தது. லண்டனில் இருந்த ஆன்ட்டியின் தம்பி, அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிக் கப்பல் தபாலில் சிறிய 45 சுற்றுத் தட்டுகளை அனுப்புவார். பாதி வழியில் கீறல் விழுந்துதான் வரும். கீறல் விழுந்த இடத்தில் ஊசி துள்ளும் தாளம்கூட எங்களுக்கு மனப்பாடம்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடனம் நடக்கும். கால் வழுக்கிச் சுழல்வதற்காகத் தரையில் பவுடர் தூவுவார்கள். நாங்கள் சிறுவர்கள் வெளியே செங்கல் அடுக்கி ஏறி நின்று சன்னல் வழியாகப் பார்ப்போம். எனக்கு அப்போது ஒன்பது வயது. கடைசிப் பாட்டாக எங்கெல்பர்ட்டின் 'தி லாஸ்ட் வால்ஸ்' போடுவார்கள். வால்ஸ் என்பது மூன்றடித் தாளம். எங்கள் வீட்டுத் திண்ணையில் மிருதங்கம் பழகிய என் அண்ணன் அதைக் கேட்ட மாத்திரத்தில் தகிட தகிட என்று தொடையில் தட்டிக் காட்டினான். அந்தப் பாட்டை எழுதியவர்கள் லெஸ் ரீடும் பாரி மேசனும். இன்ஸ்டிட்யூட்டில் ஆடிய முப்பது ஜோடிகளில் இருபது வயதைத் தாண்டாதவர்கள் பாதி பேர் இருந்தார்கள், அறுபதைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். ஒரே பாட்டுக்குத் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து ஆடியதைக் கண்ணால் கண்டவன் நான். அதனால் பெரியவர் பாட்டு, சிறியவர் பாட்டு என்ற கோடு எந்த ஊரில் எவர் போட்டது என்று எனக்கு விளங்குவதில்லை.

அந்த ஆண்டுகளில்தான் அந்த வரிசை வீடுகள் ஒன்றொன்றாகக் காலியாகின. சிலர் இங்கிலாந்துக்கும் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். ஒரு சனிக்கிழமை ஆடியவர் அடுத்த சனிக்கிழமை இருக்கமாட்டார். பிரியும் முன் ஆடும் கடைசி நடனத்தைப் பற்றிய பாட்டை, மதராஸில் பிறந்து இங்கிலாந்துக்குப் போன ஒருவர் பாட, அதற்குப் பொன்மலையில் இருந்து புறப்படவிருந்தவர்கள் ஆடினார்கள். அவர்களுக்கு அது வெறும் பாட்டு அன்று.

6 ஜூன் 2022

தேதிகளைச் சரிபார்த்தபோது ஒன்று கிடைத்தது. 1967 செப்டம்பர் 30-ஆம் தேதி பி.பி.சி. இளைஞர்களுக்கென்றே ரேடியோ 1 நிலையத்தைத் தொடங்கியது. கடலில் கப்பலை நிறுத்தி உரிமம் இல்லாமல் பாப் பாடல் ஒலிபரப்பிய நிலையங்களை ஒரு மாதத்துக்கு முன்பு சட்டம் போட்டு அடக்கிவிட்டு, அந்த இடத்தை நிரப்ப வந்த நிலையம் அது. தி மூவ் குழுவின் 'ஃபிளவர்ஸ் இன் தி ரெயின்' பாட்டோடு அது பிறந்தது. அந்த நாளில் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்த பாட்டு 'தி லாஸ்ட் வால்ஸ்'.

9 ஜூன் 2022

இன்னொரு நண்பர் 'சுகர், சுகர்' பாட்டை இழுத்திருக்கிறார். அதைப் பாடிய ஆர்ச்சீஸ் என்ற குழு உலகத்தில் இல்லவே இல்லை, கார்ட்டூன் பொம்மைகளின் பேரால் விற்ற பாட்டு, அதையும் காப்பாற்றுவீர்களா என்று கேட்கிறார். காப்பாற்றுவேன்.

முதலில் மங்கீஸ் கதையை முடித்துக்கொள்கிறேன். அவர்கள் மீது அன்று விழுந்த பெரிய பழி, தங்கள் தட்டுகளில் தாங்களே வாத்தியம் வாசிக்கவில்லை என்பது. பாடியது அவர்கள்தான், வாசித்தது ஸ்டூடியோக் கலைஞர்கள். இதை ஏதோ ஊழல் வெளிப்பட்டதைப்போல் பத்திரிகைகள் எழுதின. அவர்களும் மனம் நொந்து, இசைப் பொறுப்பில் இருந்த டான் கிர்ஷ்னரோடு சண்டையிட்டு, 1967-இல் தாங்களே வாசித்து ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். சண்டையில் வெளியேறிய கிர்ஷ்னர் அடுத்து எடுத்துக்கொண்ட வேலைதான் ஆர்ச்சீஸ். கார்ட்டூன் பையன்கள் கிட்டாரைக் கேட்டுச் சண்டை போடமாட்டார்கள்.

'சுகர், சுகர்' பாட்டை ஜெஃப் பாரியும் ஆண்டி கிம்மும் எழுதினார்கள். பொம்மைகளுக்குக் குரல் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ரான் டான்டே, பெண் குரல்களில் ஒன்று டோனி வைனுடையது. 1969 செப்டம்பரில் அமெரிக்காவில் நான்கு வாரம், அதன் பிறகு பிரிட்டனில் எட்டு வாரம் அது முதலிடத்தில் இருந்தது. அமெரிக்கப் பட்டியலை வெளியிடும் பில்போர்டு இதழின் அந்த ஆண்டுக் கணக்கில் முதல் பாட்டும் அதுதான். நிலாவில் மனிதன் நடந்ததும் வுட்ஸ்டாக் விழா நடந்ததும் அதே ஆண்டு. காலை உணவுத் தானியப் பெட்டியின் அட்டையிலேயே தட்டாக அச்சிட்டு, வெட்டி எடுத்துப் போட்டுக் கேட்கும்படியும் அந்தப் பாட்டைக் கொடுத்தார்கள்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பதைத் தமிழன் கேட்காமல் வேறு யார் கேட்பது? திரையில் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வாயசைக்க, இருவருக்கும் டி.எம்.சௌந்தரராஜன் பாடினார். இருவர் குரலும் வெவ்வேறு என்று நம்பும்படி பாடினார். அதை ஏமாற்று என்று இங்கே யாரும் சொல்லவில்லை, கலை என்றே கொண்டாடினோம். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது, மெட்டு மூன்றாமவருடையது என்ற ஏற்பாட்டில் வளர்ந்த காதுக்கு, ஆர்ச்சீஸ் மிக இயல்பான குழு. முகம் கோட்டோவியம் என்பது மட்டுமே வேறுபாடு.

இளவயதில் நானும் அந்தப் பாட்டை மட்டமாகப் பேசியவன். கல்லூரி விடுதியில் அப்படித்தான் பேச வேண்டும் என்று இருந்தது. இப்போது இரு காதுக்கும் ஒலிபெருக்கி மாட்டிக்கொண்டு கேட்டால், அந்தத் தாளக்கட்டின் சுத்தமும், கடைசியில் டோனி வைன் ஒரே ஒரு வரிக்குக் குரலை உயர்த்தி முன்னே வரும் இடமும் எனக்குப் புல்லரிக்கின்றன. இதை முன்பே கேட்டிருக்கலாம் என்று இருக்கிறது.

11 ஜூன் 2022

பாட்டுகளின் நீளத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. 1967-இல் அமெரிக்காவில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்த பாக்ஸ் டாப்ஸ் குழுவின் 'தி லெட்டர்' இரண்டு நிமிடம்கூட ஓடாது, 1 நிமிடம் 58 வினாடிதான். முதிர்ந்த ஆண் குரல் போல் ஒலிக்கும் அதைப் பாடிய அலெக்ஸ் சில்டனுக்கு அப்போது வயது 16. மறு ஆண்டே ரிச்சர்டு ஹாரிஸ் என்ற நடிகர் பாடிய 'மெக்கார்தர் பார்க்' 7 நிமிடத்தைத் தாண்டி அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. அதே ஆண்டில் பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' 7 நிமிடம் 11 வினாடி ஓடி, அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது.

ஏழு நிமிடப் பாட்டை ஏழு அங்குலத் தட்டில் அடக்குவது எளிதன்று. பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் ஒலி தணியும், ஒலி தணிந்தால் காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் கடைப் பெட்டியிலும் வானொலியிலும் பக்கத்துப் பாட்டுக்கு முன்னால் சோனியாகத் தெரியும். வானொலிக்காரர்களுக்கோ இரண்டு பாட்டுக்கு நடுவே விளம்பரம் வேண்டும், நீளமான பாட்டு அவர்கள் வருமானத்தைத் தின்னும். இத்தனைக்கும் பிறகு 'ஹே ஜூட்' பாட்டின் பாதிக்கு மேல் ஒரே அடி திரும்பத் திரும்ப வருகிறது. பஜனை மடத்தில் நாமாவளி பாடிப் பழகியவர்களுக்கு அதன் பலம் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. முதல் பத்துத் தடவை பாட்டுக் கேட்கிறோம், அதற்குப் பிறகு நாமும் பாடிக்கொண்டிருக்கிறோம்.

ஜான் லெனனும் மனைவியும் பிரிந்துகொண்டிருந்தபோது, ஐந்து வயதுப் பிள்ளை ஜூலியனைத் தேற்றுவதற்காக பால் மெக்கார்ட்னி தொடங்கிய பாட்டு அது. ஒரு குழந்தைக்குச் சொன்ன ஆறுதல் அது என்று அறிந்த பிறகு அந்த நீளம் எனக்கு நீளமாகவே படவில்லை.

11 ஜூன் 2022, சற்றுப் பின்னர்

மறுபக்கங்களை விட்டுவிட்டேன். 'ரிலீஸ் மீ' தட்டைத் திருப்பிப் போட்டால் வரும் 'டென் கிட்டார்ஸ்' பிரிட்டனில் யார் வாயிலும் ஏறவில்லை. நியூசிலாந்தில் அது மாவோரி மக்களின் விருந்துகளிலெல்லாம் பாடப்பட்டு, கிட்டத்தட்ட நாட்டுப் பாட்டாகவே ஆகிவிட்டது. லூலு பாடிய 'டு சர், வித் லவ்' பிரிட்டனில் ஒரு தட்டின் பின்பக்கமாக வெளியாகிக் கவனிக்கப்படாமல் போனது. அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடம் பிடித்து, பில்போர்டின் 1967-ஆம் ஆண்டுக் கணக்கில் முதல் பாட்டானது. பாட்டு எங்கே பிறக்கிறது என்பது வேறு, எங்கே வாழ்கிறது என்பது வேறு.

14 ஜூன் 2022

வெள்ளைக்காரப் பாடகர்களையே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரியான சுட்டல்.

மார்வின் கே பாடிய 'ஐ ஹெர்டு இட் த்ரூ தி கிரேப்வைன்' 1967-இன் தொடக்கத்திலேயே பதிவாகிவிட்டது. மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத் தலைவர் பெரி கோர்டிக்கு அது பிடிக்காமல் கிடப்பில் போனது. அதே பாட்டை கிளாடிஸ் நைட் குழு வேறு வேகத்தில் பாடி, அந்த ஆண்டே அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை கொண்டுபோனது. 1968-இல் மார்வின் கேயின் ஆல்பத்தில் ஒரு மூலையில் அவருடைய வடிவத்தைச் சேர்த்தார்கள். வானொலி அறிவிப்பாளர்கள் அதைத் தாங்களாகவே தேடி எடுத்துப் போடத் தொடங்கினார்கள். வேறு வழியின்றித் தனித் தட்டாக வெளியிட்டதும், 1968 டிசம்பர் முதல் ஏழு வாரம் அது முதலிடத்தில் இருந்தது.

ஓட்டிஸ் ரெடிங் 'தி டாக் ஆஃப் தி பே' பாட்டை மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில் 1967 நவம்பரிலும் டிசம்பர் முதல் வாரத்திலும் பதிவுசெய்தார். டிசம்பர் 10-ஆம் தேதி அவர் பயணம்செய்த சிறு விமானம் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் ஏரியில் விழுந்தது. அவருக்கு வயது 26. உடன் எழுதிய ஸ்டீவ் கிராப்பர், நண்பர் இறந்த துக்கத்தோடு உட்கார்ந்து அலையோசையும் கடற்பறவைக் குரலும் சேர்த்துப் பாட்டை முடித்தார். பாடியவர் இறந்த பிறகு அமெரிக்காவில் முதலிடம் பெற்ற முதல் பாட்டு இதுதான். கடைசியில் சொல் நின்று சீழ்க்கை மட்டும் தொடரும் அந்த இடத்தில் நான் இதுவரை ஒருமுறைகூட வேறு வேலை பார்த்ததில்லை.

19 ஜூன் 2022

ஐந்து நாள் இந்தப் பாடல்களையே சுழற்சியில் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் குறிப்பில் நான் எடுத்த நிலையை இப்போது மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அங்கே எங்கெல்பர்ட்டைப் பழமையின் பக்கமும் பீட்டில்ஸைப் புதுமையின் பக்கமும் நிறுத்தி, பழமைக்காக வாதாடினேன். ஆனால் பென்னி லேன் என்பது லிவர்பூலில் ஒரு தெரு. மெக்கார்ட்னியும் லெனனும் சிறுவயதில் பேருந்து மாறிய இடம். ஸ்ட்ராபெரி ஃபீல்டு என்பது லெனன் வளர்ந்த வீட்டுக்கு அருகே இருந்த சிறார் இல்லம், அதன் தோட்டத்தில் அவர் விளையாடியிருக்கிறார். 26 வயதிலும் 24 வயதிலும் இரண்டு பேர் தம் சின்ன வயது ஊரைத் திரும்பிப் பார்த்து எழுதிய பாடல்கள் அவை. புதுமை முழுவதும் ஒலியில் இருக்கிறது. ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசைநிகழ்ச்சி ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மெக்கார்ட்னி கேட்டு வாங்கிய பிக்கோலோ என்ற சிறிய ட்ரம்பெட் 'பென்னி லேன்' பாட்டில் ஒலிக்கிறது. 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' பாட்டில், வேறு வேறு சுருதியிலும் காலப்பிரமாணத்திலும் இருந்த இரண்டு பதிவுகளை, ஒன்றின் வேகத்தைக் கூட்டி மற்றதைக் குறைத்து, ஒரு நிமிடம் அளவில் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக்கும் ஒட்டினார்கள். இத்தனை புதுக் கருவியும் எதற்கு? ஊர் நினைவுக்கு.

இந்தக் கண்ணோடு பட்டியலைப் பார்த்தால் அந்த ஆண்டுகள் முழுவதும் ஊர் ஏக்கமாகவே இருக்கின்றன. 1966 டிசம்பரில் டாம் ஜோன்ஸை ஏழு வாரம் முதலிடத்தில் வைத்த பாட்டு, சிறையில் இருப்பவன் சொந்த ஊர்ப் புல்வெளியைக் கனவு காண்பது. பீ ஜீஸ் சகோதரர்கள் 1967-இல் முதலிடம் பெற்ற 'மசாசூசெட்ஸ்' ஊர் திரும்பத் துடிப்பவனின் பாட்டு. அவர்கள் அதுவரை அந்த மாநிலத்தில் கால் வைத்ததே இல்லை. ஓட்டிஸ் ரெடிங்கின் பாட்டில் உட்கார்ந்திருப்பவன் ஜார்ஜியாவை விட்டு வந்தவன். 1968 செப்டம்பரில் பிரிட்டனில் 'ஹே ஜூட்' பாட்டை முதலிடத்திலிருந்து இறக்கிய 'தோஸ் வேர் தி டேஸ்' பாட்டோ ஒரு பழைய ரஷ்ய மெட்டு. கடந்துபோன இளமையை எண்ணி ஏங்கும் அந்தப் பாட்டை, மெக்கார்ட்னியின் தயாரிப்பில் பாடிய வேல்ஸ் நாட்டுப் பெண் மேரி ஹாப்கினுக்கு வயது 18.

நம் இலக்கணத்தில் இதற்குத் திணை உண்டு. பிரிவு என்றால் பாலை. புரட்சிக் காலம் என்று பெயர் வாங்கிய ஆண்டுகள் பாலைப் பாட்டாகவே பாடித் தீர்த்திருக்கின்றன. பீட்டில்ஸும் எங்கெல்பர்ட்டும் எதிரெதிர் அணியில் நிற்கவில்லை. பிரிந்து வந்ததை ஒருவர் ட்ரம்பெட்டில் சொன்னார், மற்றவர் வயலின் கூட்டத்தோடு சொன்னார்.

20 ஜூன் 2022

முதல் குறிப்பில் மேலாளர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். எங்கெல்பர்ட்டுக்குப் பெயர் வைத்த அந்த மேலாளர் கார்டன் மில்ஸ், டாம் ஜோன்ஸுக்கும் அவரே மேலாளர். வேல்ஸில் வளர்ந்தவர். 1935-இல் அவர் பிறந்த ஊரும் மதராஸ். கணக்கில் மூன்றாகிவிட்டது.

அந்தப் பட்டியலில் மதராஸை விட்டு வெளியே போனால் லக்னோவில் பிறந்த கிளிஃப் ரிச்சர்டும், டெல்லியில் பிறந்து 1969-இல் நான்கு வாரம் முதலிடம் பெற்ற பீட்டர் சார்ஸ்டட்டும் இருக்கிறார்கள். கிளிஃப் ரிச்சர்டின் 'கங்கிராஜுலேஷன்ஸ்' 1968 ஏப்ரலில் யூரோவிஷன் என்ற ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியில் ஸ்பெயினிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது, பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பெற்றது. வாழ்த்தும் கைதட்டலும் தவிர அதில் ஒன்றுமில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

26 ஜூன் 2022

பொன்மலை ஆன்ட்டியின் மூத்த மகள் பெர்த் நகரில் இருக்கிறார். எனக்கு ஏழு வயது மூத்தவர், அக்கா என்றுதான் அன்றும் இன்றும் கூப்பிடுகிறேன். 5-ஆம் தேதிக் குறிப்பைத் தொலைபேசியில் அவருக்குப் படித்துக் காட்டினேன். தமிழ் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. கீறல் விழுந்த தட்டு, பவுடர், செங்கல் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றார். சன்னலில் தெரிந்த எங்கள் தலைகளை அவர்கள் உள்ளே எண்ணிக்கொண்டிருந்தார்களாம்.

கடைசிப் பாட்டு என்ற இடத்தில் நிறுத்தினார். 'லாஸ்ட் வால்ஸைக் கடைசியாகப் போடவே மாட்டார்கள், தம்பி. அதைக் கேட்டு அம்மாவும் மற்ற ஆன்ட்டிகளும் அழுதுவிடுவார்கள். அழுத கண்ணோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அதற்குப் பிறகு விளக்கையெல்லாம் போட்டுவிட்டு, எல்லாரும் வட்டமாகக் கைகோத்து கிளிஃப் ரிச்சர்டுக்கு ஆடுவோம். அந்த மாதம் கப்பல் ஏறப்போகிற குடும்பத்தை நடுவில் நிறுத்திக் கைதட்டுவோம். நாங்கள் கிளம்பின மாதம் எங்களையும் நிறுத்தினார்கள்' என்றார். எங்கள் வீட்டில் எட்டரைக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள் என்பதும் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நான் ஒருமுறைகூட முடிவு வரை சன்னலில் நின்றிருக்க முடியாது.

ஆகவே 5-ஆம் தேதிக் குறிப்பில் 'கடைசிப் பாட்டாக' என்று இருப்பதைக் 'கடைசிக்கு முந்தைய பாட்டாக' என்று வாசிக்கவும். 20-ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வரியை நீக்கிவிடவும்.